மீஞ்சூரில் மிஞ்சுவது எத்தனை?

மீஞ்சூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? கும்மிடிப்பூண்டி லோக்கலில் பாதித் தூக்கத்தில் கடந்துபோகிற ஒரு மஞ்சள் போர்டு... கோடை வந்தால் நியூஸில் அடிபடும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம்... அவ்வளவுதானே? மாமல்லபுரம் மாதிரி சிற்பம் இல்லை, ஏற்காடு மாதிரி குளிர் இல்லை. 'அங்கே போய் என்ன பாஸ் பார்க்கிறது?' என்பீர்கள்.

ஒரு கிராஃப் பார்க்கலாம்!

சிரிக்காதீங்க... நெஜமாத்தான். ஜுவாலஜி, பாட்டனி மக்களுக்கு அந்த கிராஃப் தெரிந்திருக்கும். எக்காலஜி பேப்பரில் ஐந்து மார்க் கேள்வி. படுக்கைக் கோட்டில் வயது. நிற்கிற கோட்டில், ஒன்றாகப் பிறந்த ஆயிரம் பேரில் அந்த வயதில் எத்தனை பேர் மிச்சம் என்ற எண்ணிக்கை. உள்ளே மூன்று கோடுகள். பேர், 'சர்வைவர்ஷிப் கர்வ்'. நம்ம பாஷையில் பிழைப்புக் கோடு என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றையும் வரைந்து பக்கத்தில் 'மனிதன், பறவை, மீன்' என்று எழுதினால் மார்க் கேரண்டி. நானும் அப்படித்தான் வாங்கினேன். அது என்ன சொல்கிறது என்று மண்டையில் ஏறியது, பரீட்சை எழுதி பல மாதம் கழித்து. மீஞ்சூரில் ஆயா வீட்டுக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, மார்க்கெட்டில், ஒரு நண்டுக் கூடைக்கு முன்னால்!

வாங்க, அதே ரூட்டில் உங்களையும் கூட்டிப் போகிறேன்.

சென்ட்ரல் பக்கத்திலோ பீச் ஸ்டேஷனிலோ கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறுங்கள். வலது பக்க ஜன்னல் முக்கியம். திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் என்று வரிசையாக வரும். எண்ணூரைத் தாண்டியதும் ரயில் ஒரு பாலத்தின் மேல் 'தடதட'வென்று போகும். கீழே அகலமாகத் தண்ணீர், தூரத்தில் புகைபோக்கிகள், நடுவில் ஒன்றிரண்டு சின்னப் படகு. கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கிற கழிமுகம் அது. நல்லாப் பார்த்து வெச்சுக்கோங்க, மத்தியானம் அங்கேதான் வரப்போகிறோம். அப்புறம் அத்திப்பட்டு புதுநகர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம். அடுத்தது மீஞ்சூர்.

ஊருக்கு 'வட காஞ்சி' என்று ஒரு செல்லப் பேர் உண்டு. காஞ்சிபுரம் மாதிரியே இங்கும் ஒரு ஏகாம்பரநாதர், ஒரு வரதராஜப் பெருமாள். கோயில் போகிறவர்கள் போய்விட்டு வாருங்கள், நான் மார்க்கெட்டில் இருக்கிறேன்.

கூடையில் இருந்தது கழி நண்டு. உள்ளங்கையைவிடப் பெரிசு, கரும்பச்சை, கொடுக்கு இரண்டையும் சேர்த்து நாரால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். "சினை நண்டு இருக்கு, ஆண் நண்டு இருக்கு. எது போடட்டும் கண்ணு?" என்றார் கூடைக்கார அக்கா. சினை நண்டுதான் காஸ்ட்லி. ஓட்டைப் பிளந்தால் உள்ளே ஆரஞ்சு நிறத்தில் சினை கெட்டியாக இருக்கும், அதற்காகவே வாங்குகிற கோஷ்டி உண்டு. உயிரோடு கட்டி, விமானம் ஏற்றி சிங்கப்பூர் வரை அனுப்புகிறார்கள். "இத்தனைச் சினையையும் தின்னுட்டா நண்டே இல்லாமப் போயிடாதாக்கா?" என்று சும்மா கேட்டுவைத்தேன். "அட, ஒண்ணு வயித்துல லட்சம் முட்டை. கடலு கொறைஞ்சிடுமா?" என்று சிரித்தார்.

லட்சம் என்று அக்கா சொன்னது கம்மி. ஒரு பெரிய கழி நண்டு ஒரே தடவையில் 20, 30 லட்சம் முட்டைகூடப் போடும். இப்போ ஒரு சின்னக் கணக்கு. கணக்கு என்றதும் பக்கத்தைத் திருப்பாதீங்க! வருஷா வருஷம் நண்டுகளின் எண்ணிக்கை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் ஓர் அம்மா நண்டும் ஓர் அப்பா நண்டும் போகும்போது, அவர்கள் இடத்துக்கு எத்தனை நண்டு வந்திருக்க வேண்டும்? இரண்டே இரண்டு. 20 லட்சத்தில் இரண்டு! மீதி 19 லட்சத்து 99 ஆயிரத்து 998 காலி. மூன்றாவது கோடு என்று நாம் புக்கில் வரைந்தோமே, ஆரம்பத்திலேயே செங்குத்தாக விழுந்து, கீழே போய்ப் படுத்துக்கொண்டு, அப்புறம் நிதானமாக ஊர்ந்து போகும் கோடு... அது இதுதான்.

இந்த மூன்று கோடுகளையும் முதலில் யோசித்தவர் ரேமண்ட் பேர்ல் என்ற அமெரிக்கர், 1928-ல். பிறகு 1947-ல் எட்வர்ட் டீவி என்பவர் ஆடு, பறவை என்று கிடைத்த கணக்கையெல்லாம் தேடிப் பிடித்து ஒன்றாக வைத்து அலசினார். நிற்கிற கோட்டில் 1,000, 100, 10, 1 என்று பத்துப் பத்து மடங்காக இறங்கும் அளவு இருக்கும். அது புரிந்தால் இரண்டாவது கோடு ஏன் நேர்க்கோடு என்பது புரிந்துவிடும். எந்த வயதிலும் சாகிற வாய்ப்பு ஒரே மாதிரி. வளர்ந்த பறவைகள் பலவற்றுக்கு வாழ்க்கை அப்படித்தான். மீஞ்சூர் - காட்டுப்பள்ளி ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே டூ-வீலர் ஓட்டுகிறவர்களுக்கும் அப்படித்தான், பதினெட்டோ அறுபதோ ரிஸ்க் ஒன்றே!

நண்டுக் கூடைக்கு அடுத்த பலகையில் கடல் கெளுத்தி. மீசை வைத்த மீன், முள் குத்தினால் உயிர் போகும். அதில் ஒன்றின் வாயைப் பிளந்து காட்டினார் அக்கா. உள்ளே மஞ்சளாகக் கோலிக்குண்டு சைஸில் முட்டைகள்! 'சாப்பிட்டிருக்கு' என்று நினைத்தேன். சாப்பிடவில்லை, காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறது. கடல் கெளுத்தியில் அம்மா முட்டை போடுவதோடு சரி. அத்தனையையும் வாயில் அள்ளிக்கொண்டு, அவை பொரிந்து, குஞ்சு சொந்தமாக நீந்துகிற வரை வாரக்கணக்கில் கிட்டத்தட்டப் பட்டினி கிடப்பவர் அப்பா. முட்டை லட்சக்கணக்கில் எல்லாம் இல்லை. ஒரு வாயில் எத்தனை கொள்ளுமோ அத்தனைதான். எலும்புள்ள மீன்களிலேயே மிகப் பெரிய முட்டைகளில் இதுவும் ஒன்று. நண்டு லாட்டரிச் சீட்டை அள்ளி வீசுகிறது என்றால், கெளுத்தி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஃபிக்சட் டெபாசிட் போடுகிறது. ஒரே கழிமுகத்துத் தண்ணீர், இரண்டு விதமான குடும்பம்!

இதில் எது புத்திசாலி என்று கேட்டால் பதில் இல்லை. இரண்டுமே வேலை செய்கிறது. ஆனால் இரண்டும் உடைகிற இடம் வேறு. 1980-களை ஒட்டி கர்நாடகக் கடலோரத்தில் பர்ஸ் சீன் என்கிற பெரிய சுற்றுவலைகள் வந்தபோது, கூட்டமாக நின்ற கெளுத்தி அப்பாக்களை வாயில் முட்டையோடு டன் கணக்கில் அள்ளினார்கள். அந்தப் பக்கம் கெளுத்தி மீன்பிடிப்பே சரிந்துபோனது. நண்டுக்கு லட்சம் முட்டை போனால் நஷ்டம் தெரியாது. கெளுத்திக்கு ஒரு அப்பா போனால் ஒரு குடும்பமே காலி.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டே ஆயா வீட்டுக்குப் போனேன். போனவன் சும்மா இருக்காமல் ஒரு காரியம் செய்தேன். மூன்றாம் வருஷ ப்ராஜெக்ட் மிதப்பு... 'நம்ம குடும்பத்துக்கே ஒரு பிழைப்புக் கோடு போட்டா என்ன?' என்று தோன்றியது. நோட்டை எடுத்துக்கொண்டு ஆயா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஆயா, உனக்கு மொத்தம் எத்தனை புள்ளைங்க?"

"மூணு."

"பொறந்தது?"

அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறம் நின்றது. "எட்டு."

"போனதெல்லாம் எந்தெந்த வயசுல?"

ஆயாவுக்குக் கைநாட்டுதான். ஆனால் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "முத புள்ள மூணு நாளு. அடுத்தது ஆணு, எட்டு மாசம்... சளி. அப்புறம் உங்க பெரிய மாமன். அதுக்கப்புறம் ஒண்ணு, பொண்ணு, ஒன்றரை வயசுல அம்மை போட்டு. உங்கம்மா. ஒண்ணு பதினோரு நாளு. நாலு வயசுல பேதியில ஒண்ணு, அது பேசும், பாடும். கடைசி உங்க சின்ன மாமன்." சொல்லிவிட்டு என் நோட்டைப் பார்த்தார். நான் கட்டம் போட்டு 8, 7, 6, 5, 4, 3 என்று எழுதிக்கொண்டிருந்தேன். "இது எதுக்குடா?" என்றார். "கிராஃபுக்கு ஆயா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, மறுபடி புடைக்க ஆரம்பித்தார். அன்றைக்கு அந்தப் பக்கத்தை நான் முடிக்கவில்லை.

பெரிய மாமாவுக்கு ஏன் அந்தப் பேர் வந்தது என்று அப்போதுதான் உறைத்தது. நம்ம ஊரில் குப்பன், குப்பம்மா, பிச்சை என்று பேர் வைப்பார்கள் இல்லையா? வரிசையாகக் குழந்தை 'தங்காமல்' போனால், அடுத்ததைக் குப்பையில் புரட்டி எடுத்து, 'இது ஒண்ணுக்கும் ஆகாத பண்டம்' என்று எமனுக்கே டிமிக்கி கொடுக்க வைக்கிற பேர். கிளாஸ் அட்டெண்டன்ஸில் அந்தப் பேரை வைத்துக் கலாய்த்திருப்போம். அது ஒரு அம்மா எழுதி வைத்த பிழைப்புக் கோடு. இப்போது உங்கள் கிளாஸில் அப்படி யாராவது இருக்கிறார்களா? இல்லை. ஏனென்றால் கோடு மாறிவிட்டது. 1970-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூறுக்கும் மேல் முதல் பிறந்த நாளைப் பார்க்கவில்லை. 2020 கணக்கில் அது 13. ஒரு பெண் சராசரியாகப் பெறுகிற குழந்தைகள் அன்றைக்கு 4-ஐ ஒட்டி, 2020-ல் 1.4. ஆயாவின் எட்டில் மூன்று மிஞ்சியது. அந்த மூன்று பேருக்குப் பிறந்த நாங்கள் ஏழு பேர், ஏழு பேரும் இருக்கிறோம்.

'மனிதன், முதல் வகை' என்று புக்கில் ஒரே வரியில் போட்டிருக்கும். அந்த முதல் வகைக் கோடு, கடைசி வரை மேலேயே ஓடி முதுமையில் 'டபக்'கென்று விழுவது, மனிதனுக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. அம்மைத் தடுப்பூசி, உப்பு சர்க்கரைக் கரைசல், நல்ல தண்ணீர், ஆஸ்பத்திரிப் பிரசவம், கிராம சுகாதார நர்ஸ் என்று ஒவ்வொருவராக அந்தக் கோட்டின் தலைப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்ததால் வந்தது. எந்த வயதில் விழுகிறதோ அந்த வயதில் கை கொடுத்தால்தான் கோடு நிமிரும். இதை மட்டும் மனசில் வெச்சுக்கோங்க, ஏனென்றால் அடுத்து நாம் போகிற இடத்தில் இதேதான் மேட்டர்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு சின்ன மாமா பையனின் பைக்கில் கிழக்கே கிளம்பினோம். வல்லூர், அத்திப்பட்டு பக்கமெல்லாம் அனல்மின் நிலையங்கள். அதற்கு அந்தப் பக்கம் ஆறு, பக்கிங்ஹாம் கால்வாய், அதையும் தாண்டினால் காட்டுப்பள்ளி. கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கிற மணல் திட்டு. எண்ணூர் துறைமுகம் 2001-ல் வந்தது, 2014-ல் அதற்குக் காமராஜர் பேர் வைத்தார்கள். காட்டுப்பள்ளித் துறைமுகம் 2010-களில். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010-ல், ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர். வேடிக்கை என்னவென்றால், ஒரு காலத்தில் மீஞ்சூர் நிலத்தடி நீரைத்தான் சென்னைக்கு உறிஞ்சினார்கள். உறிஞ்சிய வேகத்தில் கடல் உள்ளே வந்துவிட்டது. 1960-களின் கடைசியிலேயே கிணறுகள் உப்பாக ஆரம்பித்துவிட்டன. கிணற்றைக் கடலாக்கிவிட்டு, இப்போது கடலைக் கிணறாக்குகிறோம்!

கழிமுகத்தின் ஓரத்தில் அலையாத்திச் செடிகள் திட்டுத் திட்டாக நின்றன. வேர்கள் பென்சில் நட்டு வைத்த மாதிரி சேற்றிலிருந்து மேலே முளைத்திருந்தன. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலையை உதறிக்கொண்டிருந்தார் ஒரு அண்ணன். காலையில் மார்க்கெட்டில் கேட்ட கேள்வியை அவரிடமும் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"நண்டு, எறாலு எல்லாம் கடல்ல பொறக்குது. கழியிலதான் வளருது. கழி போச்சுன்னா கடல்ல லட்சம் பொறந்து இன்னா பிரயோஜனம்?"

மூன்று வருஷம் படித்ததை மூன்று வரியில் சொல்லிவிட்டார் மனுஷன். விரித்துச் சொல்கிறேன். கழி நண்டு ஜோடி சேர்வது இந்த உப்பங்கழியில். பெண் சினையானதும் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகும். அங்கேதான் முட்டைகளை வெளியே தள்ளி, வயிற்று மடலுக்குக் கீழே ஒட்டி வைத்துக்கொண்டு திரியும். ஆரஞ்சு நிற முட்டை, பொரிக்கிற நேரத்தில் கறுத்துவிடும். வெளியே வருவது நண்டே இல்லை. கண்ணும் முள்ளுமாக ஒரு புள்ளி. ஐந்து தடவை தோலுரித்து, பிறகு பாதி நண்டு மாதிரி ஒரு உருவம் எடுத்து, ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து ஏற்றத் தண்ணீரோடு மறுபடி இந்த முகத்துவாரத்துக்குள் நுழையும். அந்த ஒரு மாதத்தில்தான் லட்சங்கள் காலி. மீன் தின்னும், ஜெல்லி மீன் தின்னும், உப்பு கொஞ்சம் ஏறி இறங்கினாலே சாகும். தின்ன ஆளே இல்லாத தொட்டியில் வளர்த்தாலும் பெரும்பாலானவை மிஞ்சாது. சீர்காழிப் பக்கம் தொடுவாயில் அரசு நண்டுப் பொரிப்பகம் இருக்கிறது. அவ்வளவு கவனித்தும் குட்டி நண்டாகிற வரை மிஞ்சுவது நூற்றுக்கு ஒற்றை இலக்கத்தில்தான்.

ஆக, கோடு செங்குத்தாக விழுகிற இடத்தில் நாம் செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அது கடலின் கணக்கு, நண்டு அதற்குத் தயாராகத்தான் 20 லட்சம் போடுகிறது. ஆனால் கோடு விழுந்து முடித்து, வளைந்து, படுக்க ஆரம்பிக்கிற ஒரு முனை இருக்கிறதே... அந்த வளைவுதான் இந்தக் கழிமுகம். நகத்தளவு நண்டு அலையாத்தி வேருக்குள் பதுங்கி, சேற்றில் வளை தோண்டி, 'அப்பாடா' என்று மூச்சு விடுகிற இடம். லட்சத்தில் தப்பித்த ஒன்றிரண்டுக்காக இயற்கை கட்டி வைத்த ஹாஸ்டல்!

அந்த ஹாஸ்டலில் நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்றால்... சாம்பல் கலந்த தண்ணீர் குழாய்களிலிருந்து கசிந்து, வருஷக்கணக்காக அடியில் படிந்திருக்கிறது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குப் போனது. சேறு இருக்க வேண்டிய இடத்தில் காலை வைத்தால் சிமென்ட் தரை மாதிரி இறுகிக் கிடக்கிற இடங்களை அந்த அண்ணன் காட்டினார். நண்டு அதில் எப்படி வளை தோண்டும்? 2017 ஜனவரி 28-ம் தேதி துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர் கரையில் காலேஜ் பசங்க பக்கெட்டில் அள்ளினார்களே, உங்கள் சீனியர்களைக் கேளுங்கள், யாராவது போயிருப்பார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், நேராகக் கழிமுகத்துக்குள்ளேயே புகுந்தது. படகு, வலை, அலையாத்தி வேர் எல்லாம் கறுப்பு. கடலில் கொட்டினாலாவது லட்சங்களில் கொஞ்சம் போகும். கழியில் கொட்டினால் போவது, லட்சத்தைத் தாண்டி மிஞ்சி வந்தவை.

நண்டுக்கு மட்டுமில்லை, வெள்ளை இறாலுக்கும் இதே கதைதான். கடலில் பொறந்து குஞ்சாகக் கழிக்குள் வந்து வளர்ந்து திரும்பப் போவது. தமிழ்நாட்டுக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் உண்டு, மீன்கள் பெருகட்டும் என்று. நல்ல விஷயம். ஆனால் கடலுக்கு லீவு விட்டோமே தவிர, கழிமுகத்துக்கு லீவே கிடையாது என்பதுதான் எனக்குப் புரியாத லாஜிக்.

வெயில் தாழ்ந்ததும் கடற்கரைப் பக்கம் போனோம். மணலில் ஒரு ஆமை கிடந்தது. சைக்கிள் டயர் அகல ஓடு, கழுத்து உப்பி, கண் வெளியே தள்ளி. செத்து இரண்டு நாள் ஆகியிருக்கும். பங்குனி ஆமை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை நம்ம சென்னைக் கடற்கரைக்கு முட்டை போட வருமே, அதே 'ஆலிவ் ரிட்லி'.

உங்களில் சிலர் 'டர்ட்டில் வாக்' போயிருப்பீர்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரி முழுக்க நடந்து, கூடு தேடி, முட்டையை எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் புதைப்பது. 1988-லிருந்து இதைச் செய்வது மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு. பேரிலேயே 'மாணவர்' இருக்கிறது பாருங்கள். அதற்கும் முன்னால், 1970-களில் இந்த நடையைத் தொடங்கியவர்களில் ஒருவர் சதீஷ் பாஸ்கர். ஐ.ஐ.டி. மெட்ராஸில் இன்ஜினீயரிங் படிக்க வந்து, கிளாஸைவிடக் கடலில் அதிகம் கிடந்தவர். 1982 மழைக்காலத்தில் ஆமையை எண்ணுவதற்காக லட்சத்தீவில் ஆளில்லாத தீவு ஒன்றில் மாதக்கணக்கில் தன்னந்தனியாக இருந்தார். மனைவிக்குக் கடிதம் எழுதி பாட்டிலில் போட்டுக் கடலில் விட்டார். அது இலங்கையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் தபாலில் அனுப்பிவைத்தார்! லவ் லெட்டர் என்றால் இதுதான் பாஸ்.

சரி, ஆமைக்கு வருவோம். ஒரு கூட்டில் நூறு, நூற்றிருபது முட்டை. ஆயிரம் குஞ்சில் ஒன்று பெரிய ஆமையாகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அப்போ இதுவும் நண்டு கட்சி, மூன்றாவது கோடுதானே? கோட்டின் முன்பாதி அப்படித்தான். பின்பாதிதான் வேற மாதிரி. முட்டை போடுகிற வயதுக்கு வரவே பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். அந்த வயதுக்கு வந்துவிட்டால் கடலில் அதைத் தொட ஆள் குறைவு. வருஷா வருஷம் கரைக்கு வந்துகொண்டே இருக்கும். 'நிறைய பெத்து சீக்கிரம் போவது ஆர், கம்மியாப் பெத்து பாத்துப் பாத்து வளர்ப்பது கே' என்று 1967-ல் மெக்ஆர்தர், வில்சன் எழுதியதிலிருந்து வந்த பாகுபாட்டை நாம் இன்னும் மனப்பாடம் செய்கிறோம். ஆமை அந்த இரண்டு டப்பாவிலும் உட்காராது. நண்டு மாதிரிப் பெற்று, யானை மாதிரி வாழ்கிற பார்ட்டி! அதனால்தான் ஆராய்ச்சி செய்கிறவர்கள் டப்பாக்களை ஓரம் கட்டிவிட்டு, 'எந்த வயதில் எத்தனை சாவு, எந்த வயதில் எத்தனை முட்டை' என்று நேராகவே கணக்குப் போடுகிறார்கள்.

1987-ல் அமெரிக்காவில் டெபோரா க்ரவுஸ், லாரி க்ரவுடர், ஹால் காஸ்வெல் மூன்று பேரும் வேறொரு கடலாமையை வைத்து அந்தக் கணக்கைப் போட்டார்கள். முட்டைகளைப் பாதுகாக்க எல்லோரும் ஓடிக்கொண்டிருந்த காலம். விடை எல்லோரையும் உலுக்கியது. எல்லா முட்டையையும், ஒன்றுகூட விடாமல் காப்பாற்றினாலும் ஆமைகள் குறைந்துகொண்டுதான் போகும். வளர்ந்த ஆமைகளும், வளரப்போகிற பெரிய குட்டிகளும் இழுவலையில் மாட்டி மூச்சு முட்டிச் சாவதை நிறுத்தினால்தான் எண்ணிக்கை நிமிரும். ஆமைக்கு நுரையீரல்தான், மீன் மாதிரி செவுள் கிடையாது. வலைக்குள் மாட்டி மேலே வர முடியாவிட்டால் முடிந்தது.

எங்கள் காலடியில் கிடந்ததை வைத்து நீங்களே கணக்குப் பாருங்கள். ஆயிரத்தில் ஒன்று என்றால், இது ஒன்று வளர ஆயிரம் குஞ்சு வேண்டும். அதாவது ஒன்பது, பத்துக் கூடு. பத்து ராத்திரி நடந்து காப்பாற்றுவதை ஒரு வலை அரை மணி நேரத்தில் காலி செய்துவிடும். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவலை போடக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆமை தப்பிக்க வலையில் கதவு வைக்கிற கருவி இருக்கிறது. இருந்தும் 2025 ஜனவரியில் மட்டும் நம்ம சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. அப்போ ராத்திரி நடப்பது வேஸ்ட்டா என்றால், இல்லவே இல்லை. முட்டையே மிஞ்சாவிட்டால் மேற்கொண்டு கணக்கே கிடையாது. தவிர, செத்த ஆமையை எண்ணி எழுதி வைப்பதும் அதே நடைக்காரர்கள்தான். ஆனால் குஞ்சைக் கடலில் விட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டு வந்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்தால், நாம் இன்னும் அந்த ஐந்து மார்க் கேள்வியிலேயே நிற்கிறோம் என்று அர்த்தம்.

மாமா பையன் ஆமையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "இது எத்தனை வயசு இருக்கும்?" என்றான். ஓட்டைப் பார்த்து வயது சொல்ல எனக்குத் தெரியாது. "உன் வயசுக்குக் கொஞ்சம் கம்மியா இருக்கலாம்" என்றேன். அவனுக்குப் பத்தொன்பது. பைக்கை ஸ்டார்ட் செய்கிற வரை பேசவே இல்லை.

திரும்பி வரும்போது மார்க்கெட் அக்கா கூடையைக் கட்டிக்கொண்டிருந்தார். மூன்று நண்டு மிச்சம். இரண்டு சினை, ஒரு ஆண். காலையில் என்றால் யோசிக்காமல் சினையைக் கேட்டிருப்பேன். இந்தக் கழியில் சினையோடு பிடிபடுவது, முகத்துவாரத்தைத் தாண்டப் போகிற நேரத்தில் மாட்டிய அம்மா என்பது இப்போது தெரிந்துவிட்டது. லட்சத்தில் ஒன்றாக மிஞ்சி, ஹாஸ்டலும் தாண்டி, டிகிரி வாங்கப் போகிற அன்றைக்குப் பிடித்துவந்த கதை. "ஆணே போடுக்கா" என்றேன். "சதை அதுலதான் ஜாஸ்தி, கொடுக்கைப் பாரு" என்று அவரும் மார்க்கெட்டிங்கில் இறங்கிவிட்டார். மற்ற இரண்டையும் எனக்கு அடுத்து நின்றவர் வாங்கிக்கொண்டார்.

நீங்கள் போனால் ஒரு விஷயம். நண்டைக் கட்டியிருக்கிற நாரை ரயிலில் அவிழ்த்துப் பார்க்காதீர்கள். 'பாவம், இறுக்கமா இருக்கே' என்று அத்திப்பட்டு தாண்டும்போது லேசாகத் தளர்த்தினேன். எண்ணூர் பாலம் வருவதற்குள் அது பையிலிருந்து இறங்கி, எதிர் சீட்டு அம்மாவின் காய்கறிக் கூடை பக்கம் போய்விட்டது. கம்பார்ட்மென்ட்டே எழுந்து நின்றது. அதைப் பிடிக்கப் போய் என் வலது கட்டை விரலில் விழுந்த தழும்பு இன்னும் இருக்கிறது.